கந்தகம் கொண்டுபோனவள்

கந்தகத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து உடம்பெல்லாம் பூசி வெயிலில் நிற்கவைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் கிளம்பும் பாருங்கள், அழுகிய முட்டையும் காறலெடுத்த எண்ணெயும் சீழும் கலந்த அந்த நாற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. மாத்தளையை அடுத்த உக்குவளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் "சொறி" வந்தால் அதுதான் வைத்தியம். இறப்பர் மரங்கள் தளிர்விடும் காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத் தோட்டத்தில் கந்தகம் ஊதுவார்கள். அதில் ஒரு பிடி எப்படியோ தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு வந்துவிடும். நாங்கள் கடைவீதியில் குடியிருந்தோம், அப்பாவுக்குக் கடைசல் பட்டறையில் வேலை. என் கை விரலிடுக்கெல்லாம் புண்ணாகிக் கிடந்தபோது அந்தத் தூளைக் கடதாசியில் "சரை" கட்டிக் கொண்டுவந்து தந்தவர், என்னோடு படித்த தவமணியின் அம்மா.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் தவமணியும் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். மாத்தளை டவுனில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடம் என்பது ஓர் அலமாரி. திறந்தால் கரப்பான் எச்சமும் வாயுடைந்த இரண்டு சோதனைக் குழாய்களும். விஞ்ஞான ஆசிரியரின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என் வாய்தான் கசக்கும். இரசாயனத் தாக்கம் நாலு வகை என்று அவர் தொடங்கினால் நாங்கள் பாட்டாகவே ஒப்பிப்போம்: இரண்டு பொருள் கூடி ஒன்றாவது சேர்க்கை, சூளையில் சுண்ணாம்புக்கல் வெந்து சுட்ட சுண்ணாம்பாகவும் வாயுவாகவும் பிரிந்துபோவது பிரிகை, மயில்துத்தக் கரைசலில் போட்ட இரும்பாணி, செம்பை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் போய்ச் சேர்வது ஒற்றை இடப்பெயர்ச்சி, இரண்டு கரைசல்கள் தங்கள் கூட்டாளிகளை மாற்றிக்கொள்வது இரட்டை இடப்பெயர்ச்சி. ஒன்றையாவது கண்ணால் கண்டோமா? இல்லவே இல்லை.

ஒரு நாள் அவருக்கு என்ன தோன்றியதோ, சேர்க்கையைச் செய்தே காட்டுகிறேன் என்றார். "தவமணி, ஒங்க தோட்டத்துல கந்தகம் இருக்குமே, கொஞ்சம் கொண்டாம்மா" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீ அப்பாகிட்ட இரும்புத் தூள் வாங்கிட்டு வா" என்றார். இரண்டையும் கலந்து சூடாக்கினால் இரும்பும் இல்லாத, கந்தகமும் இல்லாத ஒரு கறுப்புக் கட்டி வருமாம், அதைக் காந்தமும் இழுக்காதாம். எங்களுக்கு அப்படி ஒரு ஆசை!

சண்டை நடக்கும் நாட்டில் கந்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை பஸ் ஏறலாமா என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை, வீட்டாருக்கும் தோன்றவில்லை. வெடிமருந்துக்கு அது உதவும் என்று யார் கண்டது? எங்களுக்கு அது சொறி மருந்து. அவள் அதைப் பால்மா டின்னில் நிறைத்து, மூடியைக்கூடச் சரியாக அழுத்தாமல், மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

டவுனுக்குள் நுழையும் "செக்பொயின்ட்"டில் எல்லாரையும் இறக்கினார்கள். டின்னைத் திறந்த பொலிஸ்காரன், இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான். அரைகுறைச் சிங்களம் தெரிந்த தவமணி, "பெஹெத்" என்றாள், மருந்து. எங்கே கொண்டுபோகிறாய் என்றதற்கு, "இஸ்கோலே" என்றாள். இரண்டும் உண்மை. ஆனால் புண்ணுக்குப் போடும் மருந்தைப் பள்ளிக்கூடத்துக்கு டின் நிறைய எதற்காகக் கொண்டுபோக வேண்டும்? அவன் முகம் மாறிவிட்டது. என் கணிதப் பெட்டியிலிருந்த இரும்புத் தூளை அவன் பார்க்கவில்லை. பஸ்ஸை அனுப்பிவிட்டு, எங்கள் இருவரையும் பொலிசுக்குக் கூட்டிப்போய் வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். தவமணியைக் கொழும்புக்கு அனுப்பி விசாரிக்கப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். அப்படிப் போன பிள்ளைகள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

விஞ்ஞான சேர் கேட்டார் என்று அவள் அழுதுகொண்டே சொன்னதால் அவரை அழைத்துவந்தார்கள். ஆமாம், நான்தான் கேட்டேன் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல சிங்களத்தில், நான் புத்தகத்தில் உள்ளதைத்தான் படிப்பிக்கிறேன், யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்றார். தூ! பெரிய அதிகாரி உடனே என் பக்கம் திரும்பி, ஆசிரியர் கேட்டாரா இல்லையா என்றான். தவமணி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கடைவீதியில் வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. "தன்னே நே" என்றேன். தெரியாது என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லை நினைக்கும்போது வருகிற குமட்டல், எந்தக் கந்தக நாற்றத்திலும் எனக்கு வந்ததில்லை.

சேதி கேட்டு, இறப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த கோலத்திலேயே தவமணியின் அம்மா ஓடிவந்தார், இடுப்பில் நாலு வயது மகன். யாரும் தடுக்குமுன் அவனை அதிகாரியின் மேசைமேல் நிறுத்தி, சட்டையைத் தூக்கினார். "சொறி மருந்துங்க ஐயா! கண்ணால பாருங்க, மோந்து பாருங்க!" வயிறெல்லாம் பொருக்கு, பொருக்குக்குள் சீழ், அதன்மேல் மஞ்சள் எண்ணெய். அது வடிந்து மேசைக் கடதாசியில் சொட்டியது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, "சீ! பலயங்!", ஓடிப்போ என்று கத்தி, தாயையும் பிள்ளைகளையும் கூடவே என்னையும் துரத்திவிட்டான். எங்கள் இருவரின் படிப்பாலும் ஆகாததை அந்த ஆளின் அருவருப்பு செய்து முடித்தது.

தவமணி அதன் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. ஆசிரியர் மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் சேர்க்கையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார், நானும் கொப்பியில் வரைந்துகொண்டேன். இரும்புத் தூளைக் கக்கூஸ் குழியில் கொட்டினேன். "அந்தப் புள்ளகூட இனிமே சேராத, நமக்கு எதுக்கு வம்பு" என்றார் அம்மா. நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். பரீட்சையில் நாலு வகையும் வந்தது, பிழையில்லாமல் எழுதித் தேறினேன்.

இப்போது அந்தச் சோதனைச் சாவடி இருந்த இடத்தில் தம்பிலி இளநீர் குவித்து விற்கிறார்கள். இறப்பர் மரங்களை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். சொறிக்குப் பார்மசியில் டியூப் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கந்தகம் என்றால் புத்தகத்துப் படம்தான். போன மாதம் மாத்தளை பஸ் நிலையத்தில் தவமணியைக் கண்டேன். இரத்தோட்டையில் மகளோடு இருக்கிறாளாம். பொலிஸில் நான் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவள் விடவில்லை.

"அத விடுடி. அன்னிக்கு யாருதான் பயப்படல? நானா இருந்தாலும் அப்புடித்தான் சொல்லியிருப்பேன்."

எனக்குப் போன மூச்சு வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"அதுக்கப்புறம் மூணு மாசம் லயத்துக்குள்ளயே கெடந்தேன். ஒங்க வீட்டுலேருந்து பத்து நிமிசம். ஒரு தடவகூட ஏன்டி வரல?"

இரத்தோட்டை பஸ் வந்து நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து, பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.