பாட்டைப் பறிகொடுத்தவர்

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருந்த சற்குணத்துக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரைப் 'பாட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். சினிமாப் பாட்டைத் தொடாமல், சொந்தமாக மெட்டுக் கட்டிய நால்வர் குழுவின் குரல் அவர். பாக்கியசாமி கிட்டார், கமாலுதீன் டிரம்ஸ், கீபோர்டுக்கு ஐரீன் என்ற இளம் ஆசிரியை.

1979இல் ஒரு கல்யாண விருந்தில் சற்குணத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் பாட வேண்டியதை ஐரீன் பாடினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைகூடக் கழுவாமல் எழுந்து வந்து கேட்டார்கள். சற்குணத்தின் பாட்டுக்கு ஒருநாளும் யாரும் பந்தியை விட்டு எழுந்ததில்லை.

தொண்டை சரியான பிறகும் மைக் திரும்பி வரவில்லை.

"நம்ம குரூப்புல பேஸ் கிட்டார் இல்ல அண்ணே. நீங்க அத எடுத்துக்குங்கலா," என்றான் பாக்கியசாமி, முகத்தைப் பார்க்காமல்.

விலகினால் பொறாமை என்று ஊர் சொல்லும். தடித்த கம்பிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வரிசைக்குப் போனார். வயிறு எரிந்தது. ஐரீன் கண்மூடிப் பாடும்போது அவர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கண்கூட அவர் பக்கம் திரும்பாது. "எப்படி அண்ணே பாடுனேன்?" என்று அவள் கேட்டால், "மைக் நல்லா இருந்திச்சி," என்பார்.

கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி. ஐரீன் எடுத்தது தாலாட்டுப் போல மெதுவான பாட்டு. இன்றைக்குத் திணறட்டும் என்று சற்குணம் வேண்டுமென்றே பேஸை விரட்டினார். கமாலுதீன் திகைத்துப்போய், வேறு வழியில்லாமல் டிரம்ஸையும் அதோடு ஓட்டினான். ஐரீன் ஒரு வரி தடுமாறினாள். அடுத்த வரியில் சிரித்துக்கொண்டே வேகத்தைப் பிடித்துக்கொண்டாள். மண்டபமே எழுந்து ஆடியது.

திரும்பும் ஃபெரியில் ஆளாளுக்கு அவளைப் பாராட்டினார்கள். கமாலுதீன் மட்டும் சற்குணத்தின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, இன்னிக்குப் பாட்ட ஓட்டுனது அவ இல்ல, நீங்கதான். எதுக்கு ஓட்டுனீங்கன்னும் எனக்குத் தெரியும்லா."

சற்குணம் கடலைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. அதற்கடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பொறாமை அதற்குப் பிறகும் போகவில்லை. ஆனால் அவள் எங்கே மூச்செடுப்பாள், எந்த இடத்தில் குரல் நடுங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொறாமைப்படுகிறவனைப் போல வேறு யார் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்பார்கள்?

1986இல் ஐரீன் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனாள். மைக் சற்குணத்திடமே வந்தது. பேஸுக்கு, ஜுரு தொழிற்சாலையில் வேலை செய்த வேதநாயகம் சேர்ந்தான். முதல் ஒத்திகையில் சற்குணம் ஆசையோடு பாடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். தன் பேஸ் இன்னொருவன் தோளில் தொங்குவதைப் பார்க்கப் பார்க்க வயிறு மறுபடியும் எரிந்தது.

"தம்பி, அத இப்படிக் குடு. ஒனக்குப் பாட வருமா?"

வேதநாயகத்துக்குச் சுமாராகத்தான் வந்தது. அது போதும் என்றார் சற்குணம்.