அம்மாவும் அக்காவும் ஆண்டவர் வழியாகப் பேசிக்கொண்ட சாரல்

சாரல் மாதங்களில் எங்கள் தென்காசி வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனைதான். காயாத துணி, அடுப்புப் புகை, ஈர ஓடு... பூஞ்சை பூத்த வேதாகமத்தை அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து வைப்பார். பழைய ஏற்பாடு காய்வதற்குள் புதிய ஏற்பாடு நனைந்துவிடும்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்கு எட்டு வயது, கிரேஸ் அக்காவுக்குப் பதினெட்டு.

அந்த வருடம் குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியபோது அம்மாவும் அக்காவும் பேச்சை நிறுத்தினார்கள்.

காரணம் எளிது. மதுரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அம்மாவோ, வாசுதேவநல்லூரில் இருந்த தன் அண்ணன் மகனுக்கு அவளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். தன் விருப்பம்தான் ஆண்டவருடைய சித்தம் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

ஒரே அடுக்களையில் பேசாமல் இருப்பது லேசான காரியமல்ல.

"ஏட்டி, உங்க அக்காவுக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா என்னிடம். அக்கா அவள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"வேணும்னு சொல்லு. கருக்காம ஊத்தச் சொல்லு."

"கருக்காம ஊத்தித் தர ஆஸ்பத்திரியில ஆள் வச்சிருக்காவளாம்னு சொல்லு."

ஆனால் உண்மையான யுத்தம் விளக்கு வைத்த பிறகு, குடும்ப ஜெபத்தில்தான்.

எங்கள் வீட்டில் ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் கண்ணைத் திறக்கக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. கடைசியில் அப்பா ஆமென் சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"சர்வவல்லமையுள்ள பிதாவே, பெற்றவளின் வாக்கைக் காற்றில் பறக்கவிடும் பிள்ளைகளின் கல்லான இருதயத்தை உடைத்தருளும்" என்பாள் அம்மா.

"இரக்கமுள்ள ஆண்டவரே, பிள்ளையைக் கேட்காமல் வாக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஞானத்தைத் தாரும். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதையும் நீர் அறிவீர்" என்பாள் அக்கா.

அப்பா ஆமென் சொல்வார். மறுநாள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பார். மற்ற விண்ணப்பங்கள் நிலுவையில் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வாசுதேவநல்லூர் மாமா வந்தார். சீசனில் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. மாமாவும் அருவியில் குளிக்க வந்ததாகத்தான் சொன்னார். தலை துவட்டியதும் விஷயத்துக்கு வந்தார்.

"மச்சான், நாளைக்கே முதல் ஓலை வாசிக்கச் சொல்லிருவமா? போதகர்ட்ட நான் பேசுதேன்."

ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் அறிவிப்பது. அதன் பிறகு பின்வாங்கிய குடும்பம் எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஜெபம் பண்ணிட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் அப்பா. எந்தக் கேள்விக்கும் அவர் பதில் அதுதான்.

அன்று மாலை விருந்தாளி என்பதால் மாமாவை முதலில் ஜெபிக்கச் சொன்னார்கள். மாமா நல்ல மனிதர். நன்றி சொல்லத் தொடங்கினால் ஒன்றையும் விடமாட்டார். மழைக்குச் சொன்னார், மாட்டுக்குச் சொன்னார்... தங்கச்சிக்கு வந்தார்.

"இவ டீச்சர் ட்ரெய்னிங் போவணும்னு பெட்டியக் கட்டி வச்சிக்கிட்டு அழுதா, ஆண்டவரே. பச்சத்தண்ணி குடிக்காம கெடந்தா. எங்க அம்மை பெட்டியப் பூட்டி, சாவியக் கெணத்துல போட்டா. அப்படிப் போடவச்சி இந்த நல்ல குடும்பத்தக் குடுத்தீரே, ஸ்தோத்திரம்! அதே மாதிரி இந்தப் பிள்ளையையும்..."

அக்கா கண்ணைத் திறந்தாள். நானும் திறந்திருந்ததால் தெரியும்.

அம்மா இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஜெபத்தின் நடுவில் அண்ணன் வாயைப் பொத்துவதற்கு வேதத்தில் இடமில்லை.

அடுத்தது அம்மாவின் முறை. அவள் ஆரம்பிக்கவில்லை. முற்றத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்... அப்பா இருமினார். பிறகும் அவள் ஆரம்பிக்கவில்லை.

"ஆண்டவரே" என்றாள் கடைசியில். ஜெபத்துக்கென்று அவள் வைத்திருந்த தமிழ் அன்று வரவில்லை.

"எங்க அம்மைய மன்னிச்சிட்டேன்னு உம்மகிட்ட எத்தனையோ தடவ சொல்லிருக்கேன். மன்னிக்கல."

மறுபடி வெகுநேரம் ஒன்றுமில்லை.

"அவ சாகக் கெடக்கும்போதுகூட நான் முகங்குடுத்துப் பேசல. இவளும் என்ட்ட அப்படி இருந்துரக்கூடாது. அண்ணன் கோவிச்சா கோவிக்கட்டும். இந்தப் பிள்ள போவட்டும்."

"என்ன தங்கச்சி, நீ..." என்று மாமா வாயெடுத்தார்.

"ஆமென்" என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே அவசர முடிவு அதுதான்.

மறுநாள் காலை மாமா காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார். அந்தக் கோபத்திலும் ஐந்தருவிக்குப் போய் இன்னொரு முறை குளித்துவிட்டுத்தான் ஊர் போனார் என்று கேள்வி.

அம்மாவும் அக்காவும் கட்டிப்பிடித்து அழவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ரயிலடியில், வண்டி நகரும்போதுதான் அம்மா அவளிடம் நேராகப் பேசினாள்.

"ஏட்டி, வண்டியில யாரு என்ன குடுத்தாலும் வாங்கித் திங்காத."

"சரிம்மா" என்றாள் அக்கா. அந்த இருவருக்கும் அது நீண்ட உரையாடல்.

அக்கா நர்ஸானாள், ஓய்வு பெற்றாள், போயும் சேர்ந்துவிட்டாள். நடுவில், படிப்பு வேண்டாம் கல்யாணம் போதும் என்ற தன் மகளோடு ஒரு சீசன் முழுக்கப் பேசாமல் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் இது பரம்பரை. காரணம்தான் மாறும்.

இப்போது என் மகள் வெளிநாட்டில். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோம். எதையும் மறைப்பதில்லை, எதற்கும் காத்திருப்பதில்லை. நான் தொடங்குவதை அவள் முடித்துவிடுகிறாள், அவள் தொடங்குவதை நான்.

அம்மா அன்று அந்த நாலு வார்த்தையைச் சொல்வதற்குள் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாள் என்று சில நாள் நினைத்துப் பார்ப்பேன்...

இன்றைக்கு அவ்வளவு நேரம் ஒருத்தி பேசாமல் இருந்தால், "நெட் போயிட்டு போல" என்று சொல்லி போனை வைத்துவிடுவோம்.