பச்சையம்மா ஏறிய சைடுகார்

கருணாகரன் மாத்தூருக்குப் போனது ஒரு பல்சக்கரம் வாங்க. காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கும் இயந்திரத்தை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவன் அவன். பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், நசுங்கிய பீப்பாய்களுக்கு அடியில் படகின் மூக்கைப் போல ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பீப்பாய்களைத் தள்ளிப் பார்த்தால் சைடுகார். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பூட்டி, ஆளை உட்கார வைத்து ஓட்டும் தொட்டி. ஒற்றைச் சக்கரம், கிழிந்த தோல் இருக்கை. மூடியே போடாத அந்தக் காலத்து வேலைப்பாடு. எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை வயது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கருணாகரன் அதன் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தான். பச்சையம்மா இதில் சாய்ந்து உட்காரலாம் என்று தோன்றியது. பல்சக்கரத்தை மறந்தே போனான்.

பச்சையம்மா அவன் மனைவி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்றவள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், மிஞ்சியது ஒரே ஒரு சொல். "போ." பசித்தாலும் போ, தண்ணீர் வேண்டுமென்றாலும் போ, கருணாகரன் வேலையிலிருந்து வந்து நின்றாலும் போ. எந்தப் போவுக்கு என்ன அர்த்தம் என்று முகத்தைப் பார்த்து அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி நேரம் தப்பாகத்தான் கண்டுபிடிப்பான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

முதலில் தன் புல்லட்டில் பின்னால் உட்கார வைத்து, துண்டால் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டி ஓட்டிப் பார்த்தான். வேகத்தடையில் துண்டு நழுவி அவள் ரோட்டில் விழுந்தாள். முழங்கால் சிராய்ப்போடு தப்பியது பெரிய விஷயம். ஆட்டோவில் கூட்டிப் போன ஒரு நாள், பாவம், அவளுக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போய்விட்டது. அதற்கப்புறம் ஸ்டாண்டுக்காரர்கள் அவனைப் பார்த்தாலே வேறு சவாரி இருப்பதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு மட்டும் பக்கத்து வீட்டு மலிகா யாரையாவது கெஞ்சி வண்டி பிடித்துத் தருவாள். மற்ற நாளெல்லாம் பச்சையம்மா ஜன்னலோரம்.

சைடுகாரை எடுத்து வர, கம்பெனிக்கு ஐஸ் ஏற்ற வரும் பொன்ராஜின் மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டான். முன்னால் பலகை, பின்னால் எஞ்சின் வைத்த அந்த மூன்று சக்கர வண்டியில் சைடுகார் முக்கால்வாசிதான் அடங்கியது. கயிறு போட்டுக் கட்டியும் ஆடியது. கடைசியில் கருணாகரனே அதற்குள் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுத்தான். மணலி வழியாக டேங்கர் லாரிகளின் நடுவே, பலகையின் மேல் தொட்டிக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்த ஆளைப் பார்த்து டீக்கடைகளில் சிரித்தார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தொட்டிக்குள் தண்ணீர் ஏறிக் கணுக்காலுக்கு வந்தது. நடுவில் நிறுத்த முடியாது, பிரேக் சரியில்லை என்று பொன்ராஜ் முன்பே சொல்லியிருந்தான்.

தண்டையார்பேட்டை ஜாபர் பாய் புல்லட் வண்டிகளுக்கென்றே பட்டறை வைத்திருப்பவர். சைடுகாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கருணாகரனை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"மாமு, இது வலதுபக்கம் பூட்டுற சரக்கு. வெளிநாட்டு வண்டி. நம்மூர்ல இத்த அப்படியே மாட்டினா உன் வூட்டுக்காரம்மா நடுரோட்டுல வரும். கன்டெய்னர் லாரிக்கும் அதுக்கும் ஒரு சாண் தான் கேப்பு."

கருணாகரனுக்கு அது தோன்றவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றால், கடைக்காரர் வாங்க மாட்டார். ஜாபர் பாய் ஒரு மாதம் வைத்துக்கொண்டார். சக்கரத்தின் அச்சை அறுத்து மறுபக்கம் பற்றவைத்தார். பூட்டும் இரும்புக் கைகளைப் புதிதாக வளைத்தார். பச்சையம்மாவைத் தூக்கி இறக்க வசதியாக இடதுபக்கம் ஒரு கதவும் வெட்டினார். அடித்தகடு துரு தின்று அப்பளமாக இருந்ததால் அதையும் மாற்றினார்.

பூட்டிய பிறகுதான் ஓட்டுவது வேறு வித்தை என்று தெரிந்தது. முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது, பிரேக் பிடித்தால் வலப்பக்கம் ஓடியது. முப்பது வருஷம் புல்லட் ஓட்டிய கைகள் ஒன்றுக்கும் உதவவில்லை. பச்சையம்மாவின் எடைக்கு ஈடாக இரண்டு ஐஸ் பாளங்களைக் கோணிப்பையில் சுற்றி வைத்துக் கம்பெனிச் சந்தில் பழகினான். வெயில் ஏற ஏற ஐஸ் கரைந்து எடை குறைந்தது. இடதுபக்கம் ஒடித்தபோது சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு எழும்பி, வண்டி சுவரில் போய் மோதியது. மறுநாள் முதல் மணல் மூட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவனும் மலிகாவும் பச்சையம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, பக்கத்தில் தலையணைகள் செருகினார்கள். எங்கே போகிறோம் என்று அவன் சொல்லவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் சிக்னல் விழுந்தது. இடப்பக்கம் ஒரு டிரெய்லர் வந்து ஒட்டி நின்றது. அதன் சக்கரம் பச்சையம்மாவின் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. கருணாகரன் குனிந்து பார்த்தான். அவள் நல்ல கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவன் பக்கம் இருந்தது அவளுடைய செத்த கை. இத்தனை தூரமும் அவள் அவனைத் தட்டிக் கூப்பிட முடியாமலே வந்திருக்கிறாள். எஞ்சின் சத்தத்தில் அவளுடைய ஒற்றைச் சொல்லும் கேட்டிருக்காது. வண்டியைத் திருப்பலாம் என்றால் பின்னால் லாரிகள். பச்சை விழுந்தது. ஓட்டினான்.

காசிமேட்டில் ஏலம் நடக்கும் இடத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினான். அவளோடு பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து விற்ற ஆவுடையம்மாள் ஓடி வந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் நான்கைந்து பேர் கூடினார்கள். யாரோ ஒரு கூடை சங்கரா மீனைக் கொண்டு வந்து அவள் மடியருகே வைத்தார்கள். பச்சையம்மா மீனையே பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்தது.

"சங்கரா கீது... நெத்திலி கீது... காரப்பொடி மீனு கீதம்மா..."

பழைய குரல். தெருக்கோடி வரை கேட்கும் அதே இழுப்பு. கருணாகரன் வண்டியைப் பிடித்துக்கொண்டான்.

"பேசுது, கருணா," என்றாள் ஆவுடையம்மாள். "பச்ச, என் பேரச் சொல்லுமே."

பச்சையம்மாவின் வாய் திறந்தது. வெகுநேரம் முயன்றாள். "போ," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பும்போது போக்குவரத்துப் போலீஸ் வண்டியை ஓரம் கட்டச் சொன்னது. சின்ன வயசு அதிகாரி. கோபமாகத்தான் ஆரம்பித்தார், பச்சையம்மாவைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு மெதுவாக ஓட்டிப் போகச் சொன்னார். நாளையிலிருந்து இது மெயின் ரோட்டுக்கு வரக்கூடாது, பதிவில் ஏற்றினால்தான் ஓட்டலாம் என்றார். கருணாகரன் கெஞ்ச வாயெடுத்தான்.

"லாரிக்காரனுக்கு இது கண்ணுலயே படாதுங்க," என்றார் அவர். "ஒண்ணு ஆச்சுன்னா யார்கிட்ட போய் நிப்பீங்க?"

சிக்னலில் அவனுக்கு வந்த பயமும் அதுதான். தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பதிவு அலுவலகத்துக்கு நான்கு முறை போனான். இதைச் செய்த கம்பெனி எது, எந்த வருஷம், ஒப்புதல் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். மாத்தூர்க் கடையில் கேட்டதற்கு, குப்பையில் வந்த சாமானுக்கு ஏது கடிதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் சௌமியாவிடம் மீன் கூவிய கதையைச் சொன்னான். பேச்சு திரும்பியதாக நினைத்துவிட வேண்டாம் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். வருஷக்கணக்காகக் கூவியது பாட்டு மாதிரி மூளையின் வேறு மூலையில் தங்கியிருக்கும், மீன் விற்கும் இடத்துக்கு அடிக்கடி அழைத்துப் போவது பச்சையம்மாவுக்கு நல்லது என்றாள். மலிகாவின் தயவில் இரண்டு முறை காசிமேட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனான். சேற்றுக்குள் வர முடியாதென்று ஆட்டோ வெளியிலேயே நின்றது. ஆட்டோக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த வண்டி திருவொற்றியூர்க் குப்பத்துச் சந்தில், அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்ததும் பச்சையம்மா நல்ல கையால் அதைக் காட்டுவாள். தூக்கி உட்கார வைப்பான். "போ," என்பாள். இந்தப் போவுக்கு மட்டும் அவனுக்குச் சந்தேகமே வருவதில்லை. கிளப்பி, சந்துமுனை வரை மெதுவாக ஓட்டுவான். நாற்பதடி தூரம். அங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அவள் தெற்கே காசிமேட்டுப் பக்கம் கையை நீட்டி மறுபடி சொல்வாள். "முடியாதும்மே," என்று அவனும் மறுபடி சொல்வான். பின்னோக்கி ஓட்ட அந்த வண்டிக்குக் கியர் இல்லை. இறங்கி, கைப்பிடியை முழுக்க வளைத்து, தோளைக் கொடுத்து, அவளோடு சேர்த்து வண்டியை வீட்டுப் பக்கம் திருப்புவான். அவள் கழுத்தைத் திருப்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.