குழியில் ஊற்றிய எண்ணெய்

பருப்புச் சோற்றின் நடுவில் குழி பறித்துவிட்டு மாமா கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்வார். நெய் வந்து அந்தக் குழி நிறைகிறவரைக்கும் ஒரு பருக்கை வாய்க்குள் போகாது. என் கணவரின் அப்பா அவர். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறையிலேயே ஆயுசைக் கழித்தவர். கந்தகம் ஏறி ஏறி அவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. புதுக் குழம்புக்கும் ஊசிப்போன குழம்புக்கும் வாசனையில் வித்தியாசம் தெரியாது. எதைப் போட்டாலும் குறை சொல்லாமல் சாப்பிடுகிற மனுஷர், நெய் விஷயத்தில் மட்டும் சின்னப்பிள்ளை.

மல்லாங்கிணற்றிலிருந்து வரும் வெண்ணெய்க்காரம்மாவிடம் வாங்கி நான்தான் உருக்குவேன். சடசடப்பு அடங்கும்போது ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு இறக்கினால், ஆறியபின் மணல் மணலாக உறையும். சட்டியின் அடியில் தங்கிய கசண்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, முதல் உருண்டையை மாமாவுக்குக் கொடுப்பேன். “இதுக்காகவே இன்னும் பத்து வருசம் இருக்கலாம் தாயி” என்பார். எனக்குப் பெருமை தாங்காது.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மதியம் ஒரு சின்னக் கரண்டி நெய் போதும்மா, அதுக்கு மேல வேண்டாம்” என்றார். ஒரு கரண்டியோடு நிற்கிற ஆளா இவர் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சூரியகாந்தி எண்ணெயைக் காய்ச்சி, அதில் முருங்கை இலையைப் பொரித்து, நெய்க் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். மூக்குதான் செத்துப்போச்சே என்ற தைரியம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் அவர் குழியில் விரலை நனைத்துக் கட்டைவிரலோடு சேர்த்து ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல தாயி. ஊத்து.”

தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். அன்றிலிருந்து இரண்டாவது தடவை ஊற்றச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. மாமாவுக்கு நெய் ஆசையே விட்டுப்போய்விட்டது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி மெச்சிக்கொண்டேன். அடுத்த வருஷம் ஒரு விடியற்காலையில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் மெல்ல ஆரம்பித்தாள்.

“மதினி, தப்பா நெனைக்காதீக. நீங்க ஊத்துனது எண்ணெய்னு அப்பாவுக்குத் தெரியும். ‘கலவை மாறுனா என் கைக்குத் தெரியாதா’ன்னாரு. நான் உங்ககிட்ட கேக்குறேன்னேன். ‘வேணாம்த்தா, எனக்கு நல்லதுன்னுதான செய்யுறா, கேட்டா அவ மொகம் வாடிரும்’னுட்டாரு.”

என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ நல்லதுக்குத்தானே செய்தாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்லதுக்குத்தான். ஆனால் மாமா பார்த்தது அளவு பார்க்கிற வேலை. ஒரு சிட்டிகை கூடினாலும் அறையே போய்விடும், உள்ளே இருக்கிறவனும் மிஞ்சமாட்டான். அத்தனை வருஷமும் அளவு தவறாமல் வேலை பார்த்து முழுசாக வீடு திரும்பிய மனிதருக்கு, ஒரு கரண்டியோடு நிறுத்தத் தெரியாது என்று நான் நினைத்தேனே, அதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. அவர் என் முகம் வாடக்கூடாது என்று பார்த்தார். நான் அவரை ஏமாற்றிவிட்டதாக மனசு குளிர்ந்துபோயிருந்தேன்.

போன வாரம் என் கணவருக்கும் டாக்டர் அதையே சொல்லிவிட்டார். நேற்று மதியம் நெய்க் கிண்ணத்தை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். “டாக்டர் ஒரு கரண்டிதான் சொல்லியிருக்காரு. நீங்களே ஊத்திக்கிருங்க” என்றேன். ஒரே ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் பாட்டுக்குப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமாவிடமும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கடைசி வருஷத்தில் தினம் ஒரு கரண்டி நெய்யாவது அந்த வாய்க்குள் போயிருக்கும்.