பச்சை பெயின்ற் அடித்த வெப்பக் கவசம்

எங்கள் ஊரில் பிரதம அதிதி வருகிறார் என்றால் முதலில் தேடுவது பெயின்ற் வாளியைத்தான். கல்முனையில் நான் விஞ்ஞானம் படிப்பித்த பெண்கள் பாடசாலையில் பூச்சாடி, தண்ணீர்த் தாங்கி, தென்னைமரத்து அடி எல்லாம் இப்படி நிறம் கண்டவை. ஒருமுறை என் மாணவி செய்த வெப்பக் கவசமும் கண்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அமெரிக்காவின் விண்வெளி ஓடம் முதன்முறை மேலே போய்த் திரும்பிய காலம். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது எரிந்துபோகாமலிருக்க அதன் அடியில் ஓடு ஓடாக ஒட்டியிருந்தார்கள். பழைய கலங்களின் கவசம் ஒரே பயணத்தில் கருகித் தீர்ந்துவிடும். இந்த ஓடுகளை மறுபடியும் பாவிக்கலாம். சில ஓடுகள் கழன்று விழுந்ததாக வானொலி சொன்னதும் எங்கள் பாடசாலை அதிபருக்கு ஒரே கொண்டாட்டம். ஆசிரியர் அறையில் ஒரு கிழமையாக அதையே சொல்லிச் சிரித்தார். சொந்தப் பாடசாலைக் கூரையில் ஓடில்லாமல் ஏழாம் வகுப்பு நனைவது மட்டும் அந்த மனுஷன் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த ஓடுகளை எதைக்கொண்டு செய்கிறார்கள் என்று கேட்டவள் என் வகுப்பில் ஒரேயொரு பிள்ளை. அவளுடைய வாப்பாவுக்கு நெல் மில் இருந்தது. மணலில் இருக்கும் சிலிக்காவால்தான், உமிச் சாம்பலிலும் அது நிறைய உண்டு என்றேன். மறுநாளே ஒரு சாக்குச் சாம்பலோடு வந்து நின்றாள். கரி தீர்ந்து வெளுக்கும்வரை அதை எரித்து, கொஞ்சம் களிமண் சேர்த்துப் பிசைந்து, பேக்கரியில் பாண் சுடும் போறணையில் வைத்துச் சுட்டோம். முதலில் செய்தவை எல்லாம் வெடித்தன. கடைசியில் ஒன்று தேறியது. கீழே மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பு சீறிக்கொண்டிருக்க, ஓட்டின் மேலே நடுவில் வைத்த மாஜரின் கட்டி உருகாமல் இருந்தது.

பல்கலைக்கழகம் போகப் படிக்க வேண்டிய உயர்தர விஞ்ஞான வகுப்பு எங்கள் பாடசாலையில் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு ஊரிலேயே இருந்தது. பெண்பிள்ளை படிப்பதென்றால் மட்டக்களப்பில் விடுதியில் தங்க வேண்டும். அவளுடைய வாப்பா அதற்குச் சம்மதிக்கவே மாட்டார். அந்த வருடம் எங்கள் பாடசாலையில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு வரும் கல்வி அதிகாரிக்குப் பிடித்துவிட்டால் எங்களுக்கும் வகுப்புக் கிடைக்கும் என்று பேச்சிருந்தது. அவள் தொடர்ந்து படிக்க அது ஒன்றுதான் வழி.

கண்காட்சியன்று காலை போய்ப் பார்த்தால் ஓடு பளபளவென்று பச்சையாக இருந்தது. பள்ளிவாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய எனாமல். அதிபரே பக்கத்தில் நின்று அடிப்பித்தாராம். அடுப்பில் வைத்தால் இது தீப்பற்றிக்கொள்ளும் என்று அவரிடம் சொன்னேன்.

"சாம்பல் நிறத்துல வெச்சா பெரியாக்கள் பார்ப்பாங்களா டீச்சர்? இப்ப எவ்வளவு வடிவா இரிக்கி."

சுரண்டிப் பார்த்தோம், ஓடும் சேர்ந்து உதிர்ந்தது. அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். எனாமல் கொப்புளித்தது. ஓரமெல்லாம் தீப்பிடித்து, மண்டபம் முழுக்கக் கரும்புகை. அதிகாரி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அமெரிக்காக்காரனுடைய ஓடே கழன்று விழுந்ததுதானே என்று அவரிடம் சொல்லிச் சிரித்தவர் எங்கள் அதிபர். வெட்கமென்று ஒன்று இருந்தால்தானே.

அவள் அழவில்லை. "சேர், மேல பாருங்க. மாஜரின் உருகல்ல" என்றாள்.

உண்மைதான், உருகவில்லை. ஆனால் அதிகாரி அதற்குள் பக்கத்து மேசையில் இருந்த பூவேலை மேசைவிரிப்பைத் தடவிப் பார்க்கப் போய்விட்டார். பிறகு மேடையேறி, பாடசாலை பளிச்சென்று இருப்பதைப் பாராட்டினார். பெண்பிள்ளைகளுக்குப் பிரயோசனமான கல்வி வேண்டும் என்று சொல்லித் தையல் மெஷின்கள் தருவதாக அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளுடைய வாப்பாவும் தட்டினார்.

சொன்னபடி மெஷின்கள் வந்தன. அவற்றை வைத்த மேசைகளுக்கும் அதே பச்சையைத்தான் அடித்தார்கள். எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான வகுப்பு வந்தபோது அவளுக்குக் கலியாணமாகிக் கையில் பிள்ளையும் இருந்தது.

இன்றும் என் சட்டைகளை அவள்தான் தைத்துத் தருகிறாள். அளவு ஒரு நூல்கூடப் பிசகாது. ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.