ஆற்றங்கரையில் வராத காகம்

போன சனிக்கிழமை மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடைக்காரர் முலாம்பழம் ஒன்றைப் பிளந்து, ஒரு துண்டைக் கத்தி முனையில் குத்தி என்னிடம் நீட்டினார். ருசி பார்க்கத் தருவது அவர்களுடைய வழக்கம். ருசி பார்த்துவிட்டு வாங்காமல் நழுவுவது எங்களுடைய வழக்கம். அன்று நான் ருசி பார்க்கவுமில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இரண்டு அடி பின்வாங்கினேன். மற்றவர்களுக்கு முலாம்பழம் என்றால் கோடைகாலம். எனக்கு அது என் அத்தானின் வியர்த்து வெளிறிய முகம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவரைப் பற்றிச் சொல்லுமுன் என்னைப் பற்றிக் கொஞ்சம். டோர்வல் விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பெட்டி எந்த வாசலால் போக வேண்டும், எந்தப் பிரேதத்துக்கு யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆகவே இந்த நகரத்துத் தமிழர்கள் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். மாமியாரை இங்கே கூப்பிடுவது எப்படி என்று முதலில் கேட்பார்கள். மாமியாரைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று பிறகு கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் முறை இருக்கிறது.

அத்தானுக்குச் சீனி வருத்தம். குளிசையில் அடங்காமல் இன்சுலின் ஊசிக்குப் போய்விட்டது. உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். அத்தான் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, அஹுன்ட்சிக்கில் வீட்டுக்குப் பின்னால் போகும் ஆற்றோரப் பாதையில் ஓடத் தொடங்கினார். அவருக்கு அப்போது அதே ஜான்-டலோன் சந்தையில் வேலை; அங்கே அவரோடு வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரர் தன் ஊர் லொட் ஆற்றைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டார். எனக்கு அப்போது வேலையிடத்தில் உறவினருக்கும் சலுகை டிக்கெட் உண்டு. அப்படித்தான் நாங்கள் இருவரும் ஓர் ஆடி மாதத்தில் பிரான்சுக்குப் போனோம். வழியனுப்ப வந்த அக்கா, அத்தானின் மருந்துப் பையை என் கழுத்தில் மாட்டினாள்.

"டேய் தம்பி, கொண்டுபோற மாதிரியே திருப்பிக் கொண்டு வா. மெலிஞ்சு வந்தாலும் பரவாயில்லை."

லொட் என்பது தென்மேற்குப் பிரான்சில் ஓடும் ஒரு சோம்பேறி ஆறு. நேராகப் போனால் அரை நாளில் முடிகிற தூரத்தை, பக்கத்து வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கி வரும் ஓய்வூதியக்காரனைப்போல வளைந்து வளைந்து கடக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. மறு பக்கம் வாதுமை மரங்கள், முலாம்பழத் தோட்டங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கோயில் மணி, பாண் விற்கும் ஒரு பேக்கரி, அந்தக் கடையில் ஒரு பூட்டு. மத்தியானம் ஆனால் ஊரே கதவைச் சாத்திவிடும். நாங்கள் அவசரமில்லாமல் போனோம். கரையில் தூண்டில் போட்டிருந்த கிழவர்கள் எங்களைவிட விரைவாக இடம் மாறினார்கள். இருந்தாலும் நான் ஒழுங்கைக் கைவிடவில்லை. வரைபடத்தோடு முன்னால் நான், பின்னால் அத்தான், இடையிடையே நிறுத்தித் தண்ணீர், அவருக்கு பிஸ்கட்.

"மச்சான், நீ லீவையும் டியூட்டி மாதிரியெல்லோ செய்யிறாய்" என்பார் அத்தான்.

அந்தப் பயணத்தில் ஒரு நாள் காலையில் அவர் ஆற்றில் இடுப்பளவு நீரில் கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டார். குளிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு முதல் நிறுத்தத்தில் பிஸ்கட்டை நீட்டினேன். "பேந்து சாப்பிடுறன்" என்றார். அடுத்த நிறுத்தத்திலும் "பேந்து." ஒரு கிராமத்துக்குக் கீழே, ஆற்றோரக் கல்மதில் அருகே, தானாகவே சைக்கிளை நிறுத்திப் பையிலிருந்து ஒரு சின்னச் சட்டியையும் எரிவாயு அடுப்பையும் அரிசியையும் எடுத்தார்.

"என்ன அத்தான் இது?"

"இண்டைக்கு ஆடி அமாவாசை, மச்சான். ஐயாவின்ர விரதம்."

தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம் அது. மத்தியானம் சமைத்து, முதல் பிடியைக் காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் வாயில் அன்னம். என் ஐயா அப்போது உயிரோடு இருந்தார். விரதம் எனக்கில்லை என்பதால் நாளும் என் கணக்கில் இல்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ இண்டைக்குச் சைக்கிளில ஏற விட்டிருப்பியோ? முறை அது இதெண்டு சட்டம் கதைப்பாய்."

சோறு வெந்தது. வாழையிலைக்குப் பதில் அத்தியிலை. இந்த விரதச் சமையலுக்கென்றே உள்ள காத்தோட்டிக்காய் கிடைக்காததற்கு ஐயாவிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முலாம்பழம் ஒன்றை வெட்டி வைத்தார். சோற்றைக் கல்மதிலில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டார். அக்கரையில் நெட்டை மரங்களில் காகங்கள் இருந்தன. பதிலும் சொல்லின. வரத்தான் இல்லை. அந்த ஊரில் காகம் பயிரைத் தின்னும் கள்ளன், துவக்கால் சுடுவார்கள். மனிதன் கூப்பிட்டால் பறந்து தப்பவேண்டும் என்றுதான் அவற்றின் தாய் தகப்பன் சொல்லிக் கொடுத்திருக்கும்.

நாங்கள் காத்திருந்தோம். நிழலில் இருந்தும் அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். அடுப்பின் திருகைப் பூட்டப் போனவரின் விரல்கள் அதைப் பிடிக்க முடியாமல் நடுங்கின.

"அத்தான், காலமை ஊசி போட்டனீங்களோ?"

"போடாமல்? ஒரு நாளும் விடக்கூடாதெண்டு டாக்குத்தர் சொன்னவரெல்லோ."

டாக்டர் சொன்ன முறையில் ஒரு பிழையில்லை. விரதத்தின் முறையிலும் பிழையில்லை. இரண்டையும் ஒரே நாளில் ஒழுங்காகச் செய்த மனிதர் வெறும் வயிற்றில் சைக்கிளும் ஓடிவிட்டு என் கண் முன்னால் சரிந்துகொண்டிருந்தார்.

குளுக்கோஸ் குளிசையை வாயருகே கொண்டுபோனேன்.

"காகம் எடுக்கட்டும்."

"ஐயா கோவிக்கமாட்டார், அத்தான்."

"உனக்கென்ன தெரியும் என்ர ஐயாவை?" கையைத் தட்டிவிட்டார். குளிசைகள் புல்லுக்குள் சிதறின. அத்தான் யாரையும் அப்படித் தட்டுகிறவர் அல்ல. சீனி இறங்கினால் பிடிவாதம் ஏறும் என்று படித்திருக்கிறேன். படித்தது ஒன்றுக்கும் உதவவில்லை. அவசர எண்ணை அழைத்தேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள், வண்டி வர நேரமாகும், உடனே ஏதாவது இனிப்புக் கொடுங்கள் என்றாள். காகம் வரும்வரை சாப்பிடமாட்டார் என்றேன்.

"எந்தக் காகம், ஐயா?"

திரும்பிப் பார்த்தேன். அத்தானின் நாக்குக் குழறத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "ஆர் நீ?" என்றார்.

அக்காவை அழைத்தேன். மொன்றியலில் அப்போது விடிந்து கொஞ்ச நேரம். அவள் எங்கே நிற்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில், காலை வேலையில். அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே நான். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. "ஸ்பீக்கரில போடு" என்றாள்.

"இஞ்சேருங்கோ, நான் கதைக்கிறன். நான் வீட்டில பல்கனியில நிக்கிறன். விடிய எழும்பிச் சமைச்சு மாமாவுக்குப் படைச்சிட்டன்."

அவள் குரலுக்குப் பின்னால் தட்டு வண்டிகளின் சில்லுகள் கடகடத்தன. யாரோ பிரெஞ்சில் கத்தினார்கள். இரும்புக் கதவொன்று இறங்கியது.

"இந்தா, காகம் வந்திட்டுது. கேக்குதோ?"

"கா… கா…" என்று கேட்டது. சளி பிடித்த காகம். அத்தான் தலையை நிமிர்த்தினார்.

"எடுத்ததோ?"

"எடுத்திட்டுது. பக்கத்து வீட்டுக் கூரையில வைச்சுத் தின்னுது. நீங்கள் சாப்பிடுங்கோ."

"அது அங்க… நான் இஞ்ச…"

இப்போது ஓர் அதிகாரி தேவைப்பட்டார். டோர்வலில் பயணிகளை அடக்கும் குரலை எடுத்தேன். "ஒரு குடும்பத்துக்கு ஒரு காகம் காணும், ரெண்டாவது தேவையில்லை, அத்தான். ஆர் வைச்சாலும் கணக்கு ஒண்டுதான். அதுதான் விதி."

எந்தச் சாத்திரத்திலும் அப்படி இல்லை. ஆனால் தயங்காமல் சொல்லப்பட்ட விதிக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. என் உத்தியோகம் முழுவதும் அதில்தான் ஓடியது.

அத்தான் வாயைத் திறந்தார். முலாம்பழத்தை என் கையில் பிழிந்து சாற்றை ஊட்டினேன். பாதி தாடையில் வழிந்தது. பிறகு ஒரு சின்னத் துண்டு. பிறகு புல்லிலிருந்து பொறுக்கிய குளிசை. "விழுங்கிறாரோ? விழுங்கிறாரோ?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தானின் கண்கள் எங்கேயோ போய் அலைந்து, மெல்ல என் முகத்தில் வந்து நின்றன.

"மச்சான்," என்றார், "சோத்தை ஏன் ஆற விட்டனீ?"

மறுமுனையில் அப்போதுதான் அக்காவின் குரல் உடைந்தது.

மருத்துவ வண்டியில் வந்த இரண்டு இளம் ஆட்கள், கையால் சோறு தின்றுகொண்டிருந்த இரு மனிதர்களைக் கண்டார்கள். அத்தானின் விரலில் குத்திப் பார்த்தார்கள், திருப்தியானார்கள். போகும்போது மதிலில் இருந்த சோற்றைக் காட்டி அது யாருக்கு என்று கேட்டார்கள். இவருடைய தகப்பனுக்கு என்றேன். அவர்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

மாலை, தங்கிய வீட்டின் முற்றத்தில் இருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே அத்தான் கேட்டார்: "உன்ர அக்காவுக்கு இண்டைக்குக் காலமை வேலையெல்லோ?"

"லீவு எடுத்தவ."

ஆற்றிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "ஓம்," என்றார். "இருக்கும்."

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அக்காவிடம் அந்தக் காகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பின்னர் இன்னும் சில ஆறுகளின் கரையில் ஓடினோம். பிறகு என் முழங்கால் போயிற்று, சைக்கிள்கள் போயின, அக்கா வேலை செய்த கூடத்தை மூடினார்கள். அக்காவும் ஒரு பனிக்காலத்தில் போய்விட்டாள். அத்தான் இப்போது மகளோடு இருக்கிறார். அவருடைய கையில் ஒட்டியிருக்கும் சின்ன வில்லை இரவு பகலாகச் சீனியை அளக்கிறது. இறங்கினால் மகளின் போனிலும் என் போனிலும் மணி அடிக்கிறது. விரத நாட்களைக்கூடப் போன் முதல் நாளே அறிவிக்கிறது. பிழை விட அத்தானுக்கு இனி வழியே இல்லை. பொய் சொல்லிச் சாப்பிட வைக்கத்தான் ஆளில்லை.