பரங்கிமலை வாதாங்கொட்டை மரத்தடி

என் கல்யாணத்தைத் தடுத்தவள் என் கூடப்பிறந்த அக்கா. இதை விட்டுவிட்டு, மாதா எனக்குச் செய்த உபகாரத்தை மட்டும் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. "அதெல்லாம் இன்னாத்துக்குடி நாலு பேர் முன்னால?" என்று அக்காவே கேட்டாள். கசப்பைக் கழித்துவிட்டுச் சொன்னால் அது பாதிச் சாட்சிதான். நான் முழுசாகவே சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் தெரேசு. மயிலாப்பூரில் பெண் பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாய் தகப்பன் இல்லை. விதவையான அக்கா எலிசாவும் நானும்தான் வீட்டில். என் உயிர்ச் சிநேகிதி லூர்து பிரசவக் காய்ச்சலில் கிடந்தபோது, அவசரமாகக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத்தாயாக நின்றவள் நான். "நீ பாத்துக்கோ தெரேசு" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள் லூர்து. அதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு.

குழந்தையின் தகப்பன் இருதயராஜ் துறைமுகத்தில் குமாஸ்தா. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவரும் வயதான தாயாரும் என்ன செய்வார்கள்? பிலோமினா எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். பேச்சு வந்ததும் என்னை "ஞானம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எந்த வேலையும் செய்வேன்.

அவளுக்கு நாலு வயதாகும்போது இருதயராஜ் வந்து கேட்டார். "பிலோவுக்கு நீதான் அம்மா. ஊரறிய ஆயிடுவோமே." எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. ஞானத்தாய், பிள்ளையின் தகப்பனைக் கட்டக் கூடாது என்று நம் ஜனங்கள் சொல்வார்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போய்க் கேட்டேன். அது பழைய சட்டம், மாறி வெகு காலமாயிற்று, தடையே இல்லை என்றார் சாமியார். பக்கத்தில் நின்று கேட்டவள் அக்கா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சாங்கியம். ஆகவே அந்த ஞாயிறுகளில் வேறு கோயிலில் பூசை காண்பதாகச் சொல்லி, பிலோவையும் தூக்கிக்கொண்டு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பரங்கிமலைக்குப் போனேன்.

மலை உச்சியில் மாதா கோயிலைச் சுற்றி மரங்களும் பூச்செடிகளும் கல் பெஞ்சுகளும் உண்டல்லவா? பிலோவுக்கு அது 'பார்க்கு'. அங்கே ஒரு வாதாங்கொட்டை மரம். உதிர்ந்த கொட்டைகளைக் கல்லால் தட்டிப் பருப்பெடுத்து, எனக்குப் பாதி கொடுப்பாள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற யுத்த விமானங்களுக்கெல்லாம் கை காட்டுவாள். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்த இடம் அது. கூட்டத்தில் அவள் கை நழுவிவிடுமோ என்று எனக்கு ஓயாத பயம். "நீ தொலைஞ்சு போனா எங்க வரணும்?" என்று கேட்பேன். "பார்க்கு மரத்தடி!" என்பாள். "யார் இருப்பாங்க?" "ஞானம்மா!" இதைப் பாடம் மாதிரி ஒப்பிக்க வைத்திருந்தேன்.

இரண்டாவது ஞாயிறு மலையிலிருந்து திரும்பினால், வாசலில் இருதயராஜ் நிற்கிறார். கூடவே அவர் தாயார், அழுத முகத்தோடு. ஓலை வாசித்த கையோடு யாரோ போய்த் தடை சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அக்கா. சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற சக்ரீஸ்து அறை வாசலில், அத்தனை பேர் காதில் விழுகிற மாதிரி, "ஞானத்தாய் அப்பனைக் கட்டினா அந்தக் குழந்தை உருப்படுமா?" என்று கேட்டிருக்கிறாள். தடை இல்லை என்று சாமியார் அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் யார் காதில் ஏறியது? குழந்தைக்குச் சாபம் என்ற பேச்சு கோயில் வாசலைத் தாண்டித் தெருவெல்லாம் போய்விட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்ல? சாமி சொன்னப்ப நீயும் நின்னியே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா?"

"நீ போயிட்டா நான் தனியா இன்னாடி பண்ணுவேன்?" என்றாள். தலை நிமிரவேயில்லை.

அவள் சாபத்தை நம்பிச் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். பொய் என்று தெரிந்தே சொன்னாள். என்னை வளர்த்த கையே என் கழுத்தை நெரித்தது.

இருதயராஜாவது உறுதியாக நிற்பார் என்று நினைத்தேன். "அம்மா பயப்படறாங்க தெரேசு. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. அன்றைக்கே பிலோவை ராயப்பேட்டையில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். விரல் விரலாகப் பிரித்தார்கள். அப்புறம் நான் அவர்கள் வாசல்படி ஏறக் கூடாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஓலை வாசித்த இடத்தில் போய் எப்படி முழங்கால் போடுவது? செபமாலையைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அக்காவோடு பேச்சில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு மாதிரி இருந்தோம். பள்ளி விட்டதும் கால் தானாக மாம்பலத்துக்கு நடக்கும். மலை ஏறுவேன். கோயிலுக்குள் போக மாட்டேன். கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாதாங்கொட்டை மரத்தடியில் உட்காருவேன். நானும் மனுஷி தானே, கோபம் இராதா?

பாஸ்குத் திருநாள் கழிந்த சமயம், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். அக்கா மூட்டை கட்டினாள். செங்கல்பட்டில் எங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போகலாம் என்றாள். நான் வரவில்லை என்றேன். குண்டு விழுந்தால் விழட்டும். இருதயராஜ் வீட்டாரும் ரயிலேறுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ரயில் கூட்டத்தில் என் பிள்ளை எங்கே மிதிபடுகிறாளோ, அவளைப் பத்திரமாகப் பிடித்திருக்கிறார்களோ இல்லையோ, அந்த நினைப்பே என்னைக் கொன்றது. நேரே மலைக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். அப்போதும் திரும்பி உட்காரவில்லை. முதுகைக் காட்டியபடியே மாதாவோடு சண்டை போட்டேன். "உன் பிள்ளை கூட்டத்தில் தொலைந்தபோது நீ தேடி அலைந்தாயே. கோயிலில் கிடைத்தானே. உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா? கல்யாணம் வேண்டாம். யாரும் எனக்கு வேண்டாம். பிள்ளையை மட்டும் காட்டு."  சண்டைதான். ஆனாலும் மாதங்களுக்குப் பிறகு நான் செபித்திருந்தேன்.

வெயில் தாழ்ந்த நேரம். படிகளில் ஒரு பேச்சுக் குரல் மேலே வந்தது. கறுப்பு பர்தா போட்ட ஒரு அம்மாள், முக்கி முனகி ஏறி வருகிறார். இடுப்பில் ஒரு குழந்தை. ஒரு செருப்பு இல்லை. கவுன் கிழிந்திருக்கிறது. என் பிலோ!

"யா அல்லா, இந்தப் படி இன்னா முடியவே மாட்டேங்குது" என்று மூச்சு வாங்கினார் அந்த அம்மாள். "இது உங்க புள்ளையாம்மா? கீழ மலை ஸ்டேஷன்ல வண்டி நின்னப்ப எறங்கிடுச்சு. அந்தத் தள்ளுமுள்ளுல வண்டி போயே பூடுச்சு. போலீஸ்கிட்ட உடலாம்னா ஒரே ரோதனை. மலைல எங்க ஞானம்மா கீது, மரத்தாண்ட கீதுன்னு என் கழுத்த உடல. எங்க ஊட்டுக்காரர் மூட்டையோட கீழ குந்திகினு கீறாரு."

அந்த அம்மாளின் காலில் விழப் போனேன். "அட, எந்திரிம்மா" என்று தடுத்தார். பிலோ என் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இருந்தியே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்போதுதான் நான் கோயில் பக்கம் திரும்பினேன்.

அடுத்த வண்டியில் திரும்பி வந்து, ஸ்டேஷனில் விசாரித்து, தலைதெறிக்க ஓடி வந்தார் இருதயராஜ். எங்களைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது உன்ன விட்டு நிக்காது தெரேசு. நீயே வச்சிக்கோ." அப்புறம், "மறுபடியும் ஓலை வாசிக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம்" என்றேன். "பிள்ளை போதும். ஊர் வாய்க்குப் பயந்து என் கைய விட்டீங்க. நாளைக்கும் ஊருக்கு வாய் இருக்கும்."

வீட்டுக்கு வந்தால், அக்கா செங்கல்பட்டுக்குப் போகாமல் கட்டிய மூட்டை மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிலோ ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தாள். அக்கா ஓவென்று அழுதாள். "என்ன மன்னிச்சிட்டியாடி?" என்றாள்.

"இல்ல. குழந்தைக்குச் சாதம் போடு" என்றேன்.

இன்றைக்கும் முழுசாக மன்னிக்கவில்லை. பொய் சொல்லி உபகாரம் வாங்கின மாதிரி ஆகக் கூடாது, அதனால் சொல்கிறேன். ஆனால் பேசுகிறோம். ஒரே அடுப்பில் சமைக்கிறோம். மன்னிக்கிற மனசையும் கொடு என்று அதே மலையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளையைக் கொடுத்தவள் அதையும் கொடுப்பாள். பிலோ வளர்ந்துவிட்டாள்; வருகிற ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். முக்காட்டுக்கு லேஸ் வைத்துத் தைப்பது அக்காதான். இருதயராஜும் வருவார்.

என் சகோதர சகோதரிகளே, உங்களில் யாருக்காவது சொந்த வீட்டிலேயே முதுகில் குத்து விழுந்திருந்தால், கோயில் வாசல் மிதிக்கவே கசந்தால், பரங்கிமலைக்கு வாருங்கள். முழங்கால் போட வேண்டாம். முதுகைக் காட்டிக்கொண்டே உட்காருங்கள், சண்டை போடுங்கள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். சாயந்திரம் வந்தால், வாதாங்கொட்டை மரத்தடியில் நானும் பிலோவும் இருப்போம்.